விடு

வெளியே ஒரு சொட்டுக் கசிவில்லை.
டயரின் உட்பக்கம் காய்ந்திருக்கிறது, குழாய்கள் காய்ந்திருக்கின்றன,
அடியில் விரித்த செய்தித்தாளில்
மணமகள் தேவை விளம்பரம்கூட நனையவில்லை.
இருந்தும் அழுத்திப் பிடித்தால்
பெடல் மெல்ல, மிக மெல்லத் தரைக்கு இறங்குகிறது,
நீண்ட கூட்டத்தில் தூங்கி விழுபவன் தலை மாதிரி.

கசிவு உள்ளேதான்.
மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பரின் உதடு தேய்ந்து
முன்னே போகவேண்டிய ஆயில்
பின்னே நழுவிவிடுகிறது, யாருக்கும் தெரியாமல்.
இப்படி ஒரு கசிவை நான்
ஒன்பது வருடம் வீட்டில் வைத்திருந்தேன்.

அல்வானி. அக்டோபர். இரவு பத்து.
நாளை ஓமலோவுக்கு ஏறும் கடைசி வண்டி இது.
மறுநாள் அபானோ கணவாய்க்குப் பனி வந்துவிடும் என்கிறார்கள்.
ஜப்பானில் ஓய்வு பெற்று ஜார்ஜியாவுக்கு வந்த வேன்,
ஸ்டீயரிங் தப்பான பக்கம்.
பள்ளத்தாக்கு எப்போதும் யாரோ ஒருவர் பக்கம் இருக்கத்தானே வேண்டும்.

சர்க்லிப்பை எடுத்ததும்
பிஸ்டன் துள்ளி மடியில் விழுந்தது.
ஸ்பிரிங், வாஷர், கறுத்துச் சுருங்கிய ரப்பர்கள்,
வந்த வரிசை கலையாமல் துணியில் வைத்தேன்.
டார்ச் அடித்து உள்சுவரைப் பார்த்தேன்.
துரு குழி பறித்திருந்தால் கதை முடிந்தது;
குழியில்லை, ஒரு மங்கல் மட்டும், தேய்த்ததும் போயிற்று.
புது ரப்பரைப் புது ஆயிலில் நனைத்து
உதடு எந்தப் பக்கம் என்று
இரண்டு தடவை பார்த்துப் பூட்டினேன்.
வைஸில் கடிக்கவைத்து
ஸ்க்ரூடிரைவரால் குத்தக் குத்த
தொட்டியில் குமிழ்கள் வந்தன, குறைந்தன, நின்றன.

இதுவரை ஒருத்தி போதும்.
சக்கரங்களில் காற்றெடுக்க இன்னொரு கால் வேண்டும்.

அந்த நேரத்தில்தான் காத்துனா வந்தாள்,
நாளைக்கு ஒரு சீட் கிடைக்குமா என்று கேட்க.
கெலா மேலே ஆடுகளோடு இருக்கிறான், முதுகுவலி,
போன் எடுக்கவில்லை.
கெலாவின் மனைவி. அதாவது, எனக்கு அடுத்தவள்.

"ஏறு," என்றேன். "நாளைக்கு இல்லை, இப்போதே."

மூன்று சொல் போதும் என்று சொல்லிவைத்தேன்.
அழுத்து. பிடி. விடு.
பின் இடது சக்கரத்தில் தொடங்கினோம், அதுதான் தொலைவு.
நிப்பிளில் மாட்டிய குழாயின் மறுமுனை
புளிப்பு பிளம் சாஸ் பாட்டிலில்.
அழுத்து என்றேன், அழுத்தினாள்.
பிடி என்றேன், பிடித்தாள்.
ஸ்பேனரைக் கால் சுற்றுத் திருப்ப,
பழுப்பு ஆயிலோடு ஒரு குமிழ், இரண்டு குமிழ், ஒரு சங்கிலி.
மூடினேன். விடு என்றேன்.
முன்னாள் கணவனைப் பற்றி
இவ்வளவு பேசாமல் இருவர் இருந்ததில்லை.

மூன்றாம் சக்கரத்தில், நிப்பிள் திறந்திருக்கையில்,
மேலிருந்து குரல் வந்தது:
"நாத்தேலா, அந்த வருடம், உனக்குத் தெரியாமல் நாங்கள்..."

"விடு," என்றேன்.

காலை எடுத்துவிட்டாள்.
பாட்டிலில் மிதந்த குழாய்முனை தெறித்து வெளியே வர
ஒரு வாய்க் காற்றை வண்டி விழுங்கியது.

வாய்க்கு வந்த கெட்ட வார்த்தையை
ஸ்பேனரைத் தேடுவதுபோல் குனிந்து
தரையிடம் சொன்னேன்.
பிறகு இருவருக்கும் சிரிப்பு, தனித்தனியாக,
அவள் மேலே, நான் அடியில்.
அந்தச் சக்கரத்தை முதலிலிருந்து எடுத்தோம்.
இனி காலுக்கு 'எடு' என்போம் என்றாள் அவள்.
விடு வேறு எதற்காவது இருக்கட்டும்.

நாலும் முடிந்ததும் சோதனை.
"முழு பலத்தோடு அழுத்தி எண்ணு."
எங்கள் மொழியில் எண்ணிக்கை இருபதிருபதாக ஏறும்.
இருபது. இருபதும் பத்தும். இரண்டு இருபது.
கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்,
ஷூவுக்கும் தரைவிரிப்புக்கும் நடுவே நாலு விரல் இடம்.
இரண்டு இருபதும் பத்தும். மூன்று இருபது.
நாலு விரல் நாலு விரலாகவே இருந்தது.

"எடு."

காலை ஐந்தரைக்குக் கிளம்புவோம்.
உப்பு மூட்டைகள் பின்னால், நீ முன்னால்.
அந்த சீட்டின் பெல்ட் வேலை செய்யாது,
அதை இன்னும் பார்க்கவில்லை.